சுழி பார்த்து ரூம் பிடி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. சேப்பாக்கத்துல காலேஜ் கிடைச்சிருச்சு, ஹாஸ்டல்ல இடம் இல்லைன்னுட்டாங்க, நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறே. உங்கப்பன் செல்லுல நாலு ரூம் படம் காட்டினான். எல்லாத்துலயும் கட்டில் இருக்கு, ஜன்னல் இருக்கு, ஒண்ணுல பூந்தொட்டி கூட இருக்கு. கக்கூஸ் படம் மட்டும் ஒண்ணுலயும் இல்லை. மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டு வர்றவன், நொண்டுற காலை அந்தப் பக்கமாத் திருப்பித்தான்டா நிறுத்துவான்.

முப்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசுவோம். பக்கத்துல நிக்கிற மாட்டுக்குக்கூடத் தன் விலை தெரியாது. பட்டணத்துத் தரகனுக்குத் துண்டெல்லாம் வேண்டாம். பட்டப்பகல்ல ஒரு மாச வாடகையைக் கமிஷனா எடுத்துக்குவான். "தம்பி, சீக்கிரம் சொல்லுங்க, ரெண்டு பார்ட்டி அட்வான்ஸோட நிக்குது"ம்பான். பயந்துராதே. நானும் அதையே சொல்லித்தான் பிழைச்சேன். அந்த ரெண்டு பார்ட்டியும் இன்னும் பிறக்கலை.

அட்வான்ஸ் பத்து மாச வாடகைம்பாங்க. பத்து மாசம்ங்கிறது உங்க அப்பாயி உங்கப்பனைச் சுமந்த கணக்கு, இதுக்கு எப்படி வந்துச்சோ! 2017-ல போட்ட வாடகைச் சட்டம் ஒண்ணு இருக்கு, 2019-ல அமலுக்கு வந்துச்சு. மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டு எழுதிக்கிட்டா அது உங்க பாடுன்னு ஒரு சந்தும் விட்டு வச்சிருக்கு. வேலி கட்டுறவன் ஆடு நுழைய வழி விடாமக் கட்டுவானா? அதுக்காக வாசல்ல நின்னு சட்டம் பேசினே, "வீடு வேற ஆளுக்குப் பேசியாச்சு"ன்னு கதவைச் சாத்திருவாங்க. "ஐயா, மூணு மாசம்னு சொல்றாங்களே..."ன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இழு. பத்து, ஆறுக்கு இறங்கும். சொறியிறது ஒரு தொழில்டா.

ஒப்பந்தம் 11 மாசத்துக்குத்தான் எழுதுவாங்க. பட்டணத்துல ஒரு மாசத்தைக் களவாண்டுட்டாங்கன்னு நினைக்காதே. ஒரு வருசத்துக்கு மேலன்னு எழுதினா பத்திர ஆபீசுல பதியணும்னு வெள்ளைக்காரன் 1908-ல எழுதி வச்சான், அதுல இருந்து தப்பிக்க வந்த பழக்கம். காலி பண்ணும்போது பெயிண்டிங்னு ஒரு மாசத்தைப் பிடிப்பாங்க. அதனால போன அன்னைக்கே சுவரையெல்லாம் செல்லுல படம் பிடிச்சு வை. உனக்கு முன்னாடி இருந்தவன் ஒட்டின நடிகை படம் உன் கணக்குல ஏறிரக் கூடாது. கரண்டையும் கேட்டுக்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாக் கொடுக்குது. ஆனா சப்-மீட்டர் மாட்டின வீட்டுல முதல் யூனிட்டுக்கே காசு கேக்குறவங்க உண்டு.

மாட்டுக்குச் சுழி பார்ப்போமே, பாடைச்சுழி இருந்தா வாசல்லயே கட்ட மாட்டோம். ரூமுக்குச் சுழி தண்ணி. குழாயைத் திறந்து பாரு, ஓடுதுன்னு திருப்திப்பட்டுறாதே. வாயில விட்டுப் பாரு, உப்புக் கரிச்சா உன் தலைமுடி பொங்கலுக்கு ஊர் வர்றப்ப பாதிதான் இருக்கும். மெட்ரோ தண்ணி லாரி எத்தனை நாளைக்கு ஒருக்க வருதுன்னு வீட்டுக்காரரைக் கேக்காதே, இஸ்திரி போடுறவரைக் கேளு.

வாடகை குறைச்சல்னு வேளச்சேரிப் பக்கம் போறியா? தெருமுனை டீக்கடையில ஒரு டீ சொல்லி, "அண்ணே, 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும்?"னு சும்மா கேளு. அவர் வாயால சொல்ல மாட்டார். வடைத் தட்டை வச்சுட்டுக் கையை இடுப்புகிட்டயோ நெஞ்சுகிட்டயோ காட்டுவார். 2023 டிசம்பரையும் சேர்த்துக் கேளு. நெஞ்சுகிட்ட காட்டினா டீக் காசைக் கொடுத்துட்டு நடையைக் கட்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கத்துல கிடக்கு, தண்ணி அது இருந்த இடத்தைத் தேடி வருது. அதுமேல கோபப்பட்டு என்ன பண்ண?

இன்னொண்ணு. நம்ம ஊர்ல, "நீ என்ன ஆளு?"ன்னு நேராக் கேட்டுருவான். அங்க குழம்பு வழியாக் கேப்பாங்க. "நான்வெஜ் சமைப்பீங்களா?" அடுத்து, "குலதெய்வம் எங்க?" அடுத்து, தோள்ல கையைப் போட்டு முதுகைத் தடவுற மாதிரி ஒரு தடவல். பூணூல் தட்டுப்படுதான்னு பார்க்குறாங்கடா. இந்த மாதிரி ஒரு வீட்டு வாசல்ல உங்க பெரியப்பன் 1996-ல, "ஐயா, வாடகை கொடுக்குற நோட்டைத் தடவிப் பாருங்க"ன்னு சொல்லிட்டு வந்தான். ரூம் கிடைக்கலை. அன்னைக்கு ராத்திரி மெரினா மணல்ல படுத்துக் கிடந்துட்டு வந்து அதையே பத்து வருசம் பெருமையாச் சொன்னான். நீயும் சொல்லலாம், மழைக்காலத்துல மட்டும் சொல்லாதே.

என்னைக் கேட்டா, திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கே போ. காலேஜுக்கு நடந்துறலாம். ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில் மணி, இன்னொரு பக்கம் பெரிய பள்ளிவாசல் பாங்கு, அலாரமே வேண்டாம். 1978-ல எங்க சித்தப்பா மகனோட மூணு நாள் அங்க தங்கியிருக்கேன். கையை நீட்டினா ரெண்டு சுவரும் தட்டும். காலையில அஞ்சு மணிக்குக் குளியலறை வாசல்ல ஆளுங்க நிக்க மாட்டாங்க, பெயிண்ட்ல நம்பர் எழுதின வாளிங்க வரிசையா நிக்கும். ஏழாம் நம்பர் வாளியை ஒருத்தன் ஒரு சாண் முன்னால தள்ளினான், அதுக்குத் தெலுங்குல ஒருத்தன் திட்ட, உருதுல ஒருத்தன் சமாதானம் பண்ண, திருநெல்வேலிக்காரன் ஒருத்தன் அந்தச் சந்துல உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். அங்க எவனும் என் குலதெய்வத்தைக் கேக்கலை. சோப்பு இருக்கான்னுதான் கேட்டான்.

ரூம் அமைஞ்சதும் போன் போடு. கெஸ்ட் வந்தா ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு போர்டு மாட்டியிருப்பாங்க, அதையும் பேசிக் குறைச்சு வை. ஆடியில ஒரு வாரம் வரலாம்னு இருக்கேன், கண்ணு காட்டணும். அப்பாயிகிட்ட மூச்சு விடாதே, அவளும் கிளம்பிருவா. வாளி மட்டும் ரெண்டா வாங்கு.