குட்டி ஜப்பான்காரன் சும்மா இருந்த கதை

எங்கள் ஊரில் சும்மா இருப்பதை நோய்க்கணக்கில்தான் சேர்ப்பார்கள். திருத்தங்கலில் பள்ளிக்கூடம் விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தால், ஐந்தாவது நிமிடம் தீப்பெட்டி அட்டையும் பசைக் கிண்ணமும் முன்னால் வந்துவிடும். "வாய் பேசிட்டுப் போகட்டும், கை சும்மாதானே இருக்கு" என்பாள் அம்மா. ஒரு குரோஸ் என்றால் 144 என்பதை வாத்தியார் சொல்வதற்கு முன்பே ஒட்டிப் படித்தவன் நான். அவ்வளவு ஏன், ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி நிம்மதியாகப் படுத்திருக்கிறார். எங்கள் மலைமேல் இருப்பவர் நின்ற நாராயணப் பெருமாள். படுத்தால் யாராவது வேலை சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் சுறுசுறுப்பைப் பார்த்துத்தான் நேரு எங்கள் சிவகாசி வட்டாரத்துக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வைத்தார் என்பார்கள். அப்படியென்றால் பெரிய ஜப்பான் எப்படியிருக்கும்! மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்காக ஐச்சி மாநிலத்துக்குப் போனபோது இந்தப் பயம்தான் பெட்டியில் முதலில் ஏறியது.

ஆகஸ்டில் ஒபோன் விடுமுறை. முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள். நம் ஆடி அமாவாசைக்குத் தூரத்துச் சொந்தம். ஒகசாகி நகரத்தில் ஒரு குடும்பம் என்னை ஒருநாள் வந்து இருக்கச் சொன்னது. சாத்தூர் காரச்சேவு ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். "உங்க ஊர்ப் பட்டாசு இல்லையா?" என்றார் தாத்தா. அதைக் கொண்டுவந்திருந்தால் நான் இன்னும் மதுரை விமான நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

காலையில் கருஞ்சிவப்பாக ஒரு சூப். ஹாச்சோ மிசோ என்ற சோயா விழுதில் செய்ததாம். ஒகசாகிக் கோட்டையிலிருந்து எட்டு சோ, அதாவது ஹாச்சோ, தூரத்திலுள்ள தெருவில் செய்வதால் அந்தப் பெயர். பின்னாளில் ஜப்பானை ஆண்ட தொகுகவா இயேயாசு 1543-இல் பிறந்த கோட்டை அது. அவர் ஆட்சியில் வெடிமருந்து செய்ய இந்த மிகாவா வட்டாரத்துக்கு அனுமதி இருந்ததால்தான் இன்றும் இங்கே வாணவேடிக்கைத் தொழில் இருக்கிறது என்றார் தாத்தா. சரிதான், ஒரு சிவகாசியிலிருந்து கிளம்பி இன்னொரு சிவகாசிக்கு வந்திருக்கிறேன்.

குடித்த கிண்ணத்தைக் கழுவ எழுந்தேன். வீட்டம்மா பிடுங்கிக்கொண்டு, "யுக்குரி ஷிதே" என்றார். நிதானமா இரு என்று அர்த்தம். வாசலில் விளக்குமாறு தென்பட்டது. எடுத்தேன், தாத்தா வாங்கிவிட்டார். யுக்குரி. பாட்டி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் நாலு துண்டு மடித்து அடுக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே நாலையும் பிரித்துத் திரும்ப மடித்தார். மத்தியானத்துக்குள் பதினொரு யுக்குரி எண்ணிவிட்டேன். குட்டி ஜப்பான் என்ற பெயரை வாங்கிக்கொடுத்த ஜப்பான்காரர்கள் இவர்கள்தானா என்றே சந்தேகம் வந்தது.

சாயங்காலம் குளியல். வெளியே உட்கார்ந்து அழுக்குப் போகத் தேய்த்துவிட்டு, சுத்தமான உடம்போடு வெந்நீர்த் தொட்டியில் அமிழ வேண்டும். வீடு மொத்தத்துக்கும் அதே தண்ணீர். விருந்தாளிக்கு முதல் வாய்ப்பு. வெளிநாட்டுக்காரர்கள் அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை ஓடவிட்டுவிடுவார்கள் என்று வீட்டம்மாவுக்குக் கவலை. என்னிடமா? குழாயில் தண்ணீர் வரும் நாளைத் தீபாவளிபோல் எதிர்பார்க்கிற ஊர்க்காரனிடமா? எல்லோரும் குளித்தபின், தொட்டியில் ஒரு குழாயைப் போட்டு அந்தத் தண்ணீரைத் துவைக்கிற மெஷினுக்கு ஏற்றினார்கள் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம ஆளுங்கதான்!

இருட்டியதும் முற்றத்தில் சென்கோ ஹனபி. ஊதுவத்திப் பட்டாசு என்று வைத்துக்கொள்ளலாம். முறுக்கிய காகிதத் திரி. நுனியில் ஒரு சிட்டிகைகூட இல்லாத மருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி, அதே சரக்குதான். ஆனால் சத்தமே கிடையாது. தலைகீழாகப் பிடித்துப் பற்றவைத்தால் நுனியில் செந்நிற உருண்டை ஒன்று திரண்டு நடுங்கும்; அதிலிருந்து பைன் ஊசிகளாகப் பொறி கிளம்பி, பிறகு வில்லோ மரக்கிளைபோல் தழைந்து அணையும். கை அசைந்தால் உருண்டை விழுந்துவிடும். யாருடையது கடைசிவரை நிற்கிறதோ அவர் ஜெயித்தார்.

"பட்டாசு ஊர்க்காரர் வந்திருக்கிறார்" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். பற்றவைத்ததும் பழக்கதோஷத்தில் நான் இரண்டடி பின்னால் குதித்தேன். உருண்டை மண்ணில். இரண்டாவது திரியில், அணைந்துவிட்டதோ என்று குனிந்து ஊதினேன். மூன்றாவது ஏன் விழுந்தது என்று எனக்கே தெரியாது. எண்பது வயதுப் பாட்டி சிலைபோல் குந்தியிருந்து, மூன்று ஆட்டமும் ஜெயித்து, மிச்சமிருந்த காரச்சேவைப் பரிசாக எடுத்துக்கொண்டார்.

ராத்திரி ஒன்பதுக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே ஐந்தரை மணி. வேலை முடிந்து வந்திருந்தாள்.

"இன்னைக்கு என்னய்யா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சும்மா இருந்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏய்யா, காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?"