மூணாவது அம்பு

என் பேரன் பதினொண்ணாவது படிக்கிறான். போன வாரம் வாசப்படியில உக்காந்து ஊசல் படம் போட்டுக்கிட்டிருந்தான். மேல ஒரு ஆணி, ஆணியில நூல், நூலடியில குண்டு. தூக்குகுண்டு தெரியாத கொத்தனார் உண்டா? நாப்பது வருஷம் போர்ட் பிளேர்ல சுவர் வச்ச கை இது. (2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேரை மாத்திட்டாங்க. என் நாக்கு இன்னும் கெஜட்டு படிக்கல.) நானும் குனிஞ்சு பாத்தேன்.

குண்டைச் சுத்தி மூணு அம்பு போட்டிருந்தான். "கீழ பாக்குற அம்பு, பூமி இழுக்குறது. சரி. நூலோட மேல போற அம்பு, நூல் இழுக்குறது. அதுவும் சரி. முன்னால ஒண்ணு போட்டிருக்கியே பேராண்டி, அது யாரு இழுக்குறது, உங்க ஆத்தாளா?"

"அது முன்னால போகுதுல்ல தாத்தா. எதாவது தள்ளாம எப்படிப் போகும்?"

அடேயப்பா. அரையாண்டுப் பரீட்சை வந்து நிக்குது, பிள்ளை இன்னும் தள்ளுற ஆளைத் தேடுது. இதுக்குச் சாட்சி உங்க பாட்டியோட தம்பிதான், கூப்பிட்டுக் கேளுன்னேன்.

கதை இதுதான். ஹேவ்லாக்குக்கு, அதான் இப்ப சுவராஜ் தீவு, குடும்பத்தோட போயிருந்தோம். கடற்கரையில ஒரு தங்குற விடுதிக்காரங்க, பேரு வேணாம், மரக்கிளையில கயித்தைக் கட்டி அடியில ஒரு கட்டையை மாட்டியிருந்தாங்க. படம் பிடிக்க வர்ற சனத்துக்காக. கயிறு மூணு மீட்டர் இருக்கும், ஒத்தைக் கயிறு. மச்சினன் எம்பது கிலோ. ஏறி உக்காந்தான். அக்கா புருஷன்ங்கிற உரிமையில நான் பின்னால இழுத்துக்கிட்டே போயி, கயிறு அறுபது டிகிரி சாயுற மட்டும் தூக்கி, விட்டேன். தள்ளல, விட்டேன். இந்தச் சொல்லை ஞாபகம் வச்சுக்க.

கயிறு மேல அறுகல, பின்னால அறுகல, சரியா அடிமட்டத்துல வந்தப்ப அறுந்துச்சு. ஏன்னு கேளு. சும்மா தொங்குறப்ப எம்பது கிலோவைத் தாங்குன கயிறு, அடியில அவன் வேகமா வளைஞ்சு வரும்போது அவன் எடையையும் தாங்கணும், நேரா ஓடப் பாக்குறவனை வட்டத்துக்குள்ள வளைச்சும் இழுக்கணும். அறுபது டிகிரியில விட்டா அடியில கயித்துக்கு வர்ற பாரம் எடையைப்போல ரெண்டு மடங்கு. நூத்தறுபது கிலோ! தரைக்குப் படுக்கையா தொண்ணூறு டிகிரி தூக்கி விட்டிருந்தா மூணு மடங்கு. ஊஞ்சல் கட்டுறவன் ஆளைத் தூக்கிப் பாத்துட்டு "தாங்கும்"னு சொல்றான். நின்ன ஆளை வச்சுக் கயித்தை வாங்குறது, கல்யாணச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வயித்தை மட்டும் அளந்து அரிசி போடுற மாதிரி.

அறுந்ததும் மச்சினன் எங்க போனான்? நேரா முன்னால. கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் வேகத்துல, தரைக்கு இணையா கிளம்பி, தண்ணியில போயி விழுந்தான். அந்த நேரம் அவனை முன்னால தள்ள யாரு இருந்தா? நான் பின்னால நிக்கிறேன், கயிறு கையை விட்டுருச்சு, பூமி கீழதான் இழுக்கும். ஏற்கெனவே இருந்த ஓட்டம் அவனைக் கொண்டுபோச்சு, அம்புட்டுதான். உன் மூணாவது அம்பு எங்கடா? இதே கயிறு கடைசி எல்லையில, ஒரு கணம் நிக்கிற இடத்துல அறுந்திருந்தா பொத்துன்னு நேர் கீழ விழுந்திருப்பான்.

இன்னொரு கூத்தையும் கேளு. ஊசல் நடு இடத்துல இருக்கும்போதுதான் வேகம் உச்சம், ஆனா அங்க முன்னாலயும் பின்னாலயும் இழுக்க ஒண்ணும் கிடையாது. எல்லைக்குப் போனா வேகம் பூச்சியம், திருப்பி இழுக்குறது உச்சம். நம்ம ஆளுகளைப் பாரு. ராமநாதபுரத்துல இருக்கிறவன் ஊரைப் பத்திப் பேசவே மாட்டான். கடல் தாண்டி அந்தமானுக்கு வந்தவன்தான் ஊரு ஊருன்னு உருகுவான். சரின்னு போனா, மூணாம் நாளே கப்பல் டிக்கெட்டுக்கு அலைவான். நடு இடத்தைத் தொட்டவன் அங்க நிக்கிறதில்லை.

கயித்தைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். நாள் முழுக்க விறைச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், ஆனா ஆற்றல் கணக்குல அது செஞ்ச வேலை பூச்சியம். அது இழுக்குற திசையும் குண்டு போற திசையும் எப்பவும் செங்குத்து. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸ்ல இப்படி நாலு பேர் இருக்காங்க.

அப்ப ஆற்றல் யாரு குடுத்தது? நான் குடுத்தது. எம்பது கிலோவை ஒண்ணரை மீட்டர் உசத்தினேனே, அது ஆயிரத்து நூத்தி எழுபது ஜூல். உசரத்துல சேத்து வச்சது அடிக்கு வரும்போது வேகமா மாறும், மறுபக்கம் ஏறும்போது திரும்ப உசரமா மாறும். போகப் போக காத்தும், கிளையில கயிறு உரசுறதும் கமிஷன் எடுத்துக்கும். அதனாலதான் ஆட்டம் குறையுது. அரிசிக் கணக்குல அந்த ஜூல் நாலு அரிசி. உடம்பு முக்கால் பங்கைச் சூடாவும் வேர்வையாவும் விட்டுரும்னு வச்சாலும் பதினாறு அரிசி. இதுக்கா உங்க பாட்டி "உழைச்சேன், உழைச்சேன்னு ரெண்டு தட்டு சோறு திங்கிறீங்க"ன்னு சொன்னா? அவ சொன்னது நியாயம்தான்.

எடை கூடுனா மெதுவா ஆடுமான்னு கேட்டான். ஆடாது. எம்பது கிலோ ஆளுக்கும் எட்டு கிலோ மூட்டைக்கும் அதே மூணரை நொடிதான். நீளம் நாலு மடங்கானா நேரம் ரெண்டு மடங்கு. ரொம்ப அகலமா ஆடுனா மட்டும் கொஞ்சம் நேரம் கூடும், அறுபது டிகிரிக்கு நூத்துக்கு ஏழு. புத்தகத்துல "சிறு கோணம்"னு பொடி எழுத்துல போட்டிருப்பான், பாரு.

நேரத்தை மாத்துற இன்னொண்ணு பூமியோட இழுப்பு. 1672-ல ரிஷேர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ்ல சரியா ஓடுன ஊசல் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவுல கயேனுக்குக் கொண்டுபோனார். நாளைக்கு ரெண்டரை நிமிஷம் பிந்துச்சு. (பின்னால பிரான்ஸ் அந்தப் பக்கத்தையும் நம்ம அந்தமான் மாதிரி கைதிகளை அனுப்புற இடமாக்குச்சு. கடிகாரம் பிந்துற ஊரெல்லாம் கைதிக்குத்தான் போலருக்கு.) 1687-ல நியூட்டன் அதை வச்சு, பூமிக்கு நடுவுல தொந்தி இருக்குன்னார். தொந்தி மேல இருக்கிறவன் பூமியோட மையத்துலேர்ந்து தள்ளியிருக்கான், அதனால இழுப்பு குறைவு; சுத்துற வேகமும் கொஞ்சம் எடையைக் கழிக்குது. நாமளும் தொந்தி மேலதான் இருக்கோம். லண்டன்ல சரி பண்ணுன ஊசல் கடிகாரம் இங்க நாளைக்கு ரெண்டு நிமிஷம் பிந்தும். சூரியனோ இந்திய நேரத்துக்கு நாப்பது நிமிஷம் முந்தி வருது. அபர்டீன் பஜார் மணிக்கூண்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

நெதர்லாந்துல வெனிங் மைனெஸ்னு ஒருத்தர், நல்ல நெட்டை மனுஷன், 1923-லேர்ந்து நீர்மூழ்கிக்குள்ள முதுகை வளைச்சு உக்காந்து ஊசலாட்டி பூமியோட இழுப்பை அளந்தார். மேல அலையில கப்பல் ஆடும், அடியில அமைதி. சுமத்ரா, ஜாவா ஓரத்து ஆழக் கடல் பள்ளத்தோட இழுப்பு குறைஞ்ச ஒரு பட்டை ஓடுதுன்னு கண்டார். அங்க கடல்தரை கீழ செருகிக்கிட்டுப் போகுது. அந்தப் பள்ளத்தோட தொடர்ச்சிதான் நம்ம தீவுகளுக்கு மேற்கால போறது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்துல உடைஞ்சது அந்த வரிசைதான். நம்ம தீவுகளோட தெக்குக் கோடியான இந்திரா முனையில தரை நாலு மீட்டருக்கு மேல தாழ்ந்து, கலங்கரை விளக்கம் தண்ணிக்குள்ள நின்னுச்சு. அந்த நாளைப் பத்தி நான் கேலி பேசறதில்லை.

பேரன் ரப்பரை எடுத்து மூணாவது அம்பை அழிச்சுட்டான். மச்சினன்தான் இன்னும் ஒத்துக்கல. நான் தள்ளிவிட்டேன்னுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்.