வயிற்றெரிச்சலால் கட்டிய ஊர்கள்

நியூயார்க்வாசி யாரையாவது பிடித்து, "சிகாகோ எப்படி?" என்று கேட்டுப்பாருங்கள். "பீட்ஸா தடிமனா இருக்கும்" என்பார். செயின்ட் லூயிஸ்? "ஒரு வளைவு நிக்குமே, அதானே?" மில்வாக்கி? "பீர்." கிளீவ்லாண்ட் என்றால் பதிலே வராது, சிரிப்புதான் வரும். அமெரிக்காவின் இந்த நடுப்பகுதி, அதாவது மிட்வெஸ்ட், அவரைப் பொறுத்தவரை விமானத்தில் தூங்குவதற்காகக் கடவுள் ஒதுக்கிய இடம். ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டால் அதுவும் கண்ணில் படாது!

மிட்வெஸ்ட்காரர்களும் இதற்குச் சண்டைக்கு வருவதில்லை. அடக்கமானவர்கள், பண்பானவர்கள், நீங்கள் அவர்கள் காலை மிதித்தால் அவர்களே 'ஸாரி' கேட்பார்கள் என்று நல்ல பெயர் வாங்கிவைத்திருக்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால்தான் குட்டு உடைகிறது. இந்தச் சாதுக்களின் கொள்ளுத்தாத்தாக்கள் விட்ட பீலா இருக்கிறதே... அப்பப்பா!

முதல் மரியாதை செயின்ட் லூயிஸுக்கு. மிஸிஸிப்பி நதிக்கரையில் நீராவிக் கப்பல் வியாபாரத்தில் கொழித்த ஊர். அங்கே லோகன் ரீவிஸ் என்றொரு பத்திரிகைக்காரர். தலைநகர் எதற்காக வாஷிங்டன் என்ற ஓரத்து ஊரில் கிடக்க வேண்டும், நட்டநடுவில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று கிளம்பினார். 1869-இல் பல மாநிலங்களிலிருந்து ஆள் திரட்டி இதற்கு ஒரு மாநாடே நடந்தது. உலகத்தின் எதிர்கால மாநகரம் எங்களுடையதுதான் என்று அவர் புத்தகமும் போட்டார். அப்போது ஜனாதிபதி யூலிசிஸ் கிராண்ட். மனைவி வழியில் அவர் செயின்ட் லூயிஸ் மாப்பிள்ளை. அவரே பெட்டி கட்டவில்லை!

சரி, தலைநகர்தான் கிடைக்கவில்லை, மக்கள்தொகையிலாவது சிகாகோவை மிஞ்ச வேண்டாமா? 1870 சென்சஸ் வந்தது. சிகாகோ 2,98,977. செயின்ட் லூயிஸ் 3,10,864. ஊரே கொண்டாடியது. பத்து வருஷம் கழித்து மறுபடி எண்ணினார்கள். சிகாகோ 5,03,185. செயின்ட் லூயிஸோ வெறும் 3,50,518. அந்த 1870 கணக்கில் ஆசாமிகள் 'தாராளமாக' எண்ணியிருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம். ஃபாலோயர்ஸை விலைக்கு வாங்கும் வழக்கம் சோஷியல் மீடியா வந்த பிறகு தொடங்கியது என்று நினைத்திருந்தீர்களா?

வடக்கே இன்னொரு ஜோடி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மினியாபொலிஸ், அந்தப் பக்கம் செயின்ட் பால். 1890 சென்சஸில் மினியாபொலிஸ் கள்ளக்கணக்கு எழுதுகிறது என்று செயின்ட் பால் புகார் கொடுக்க, எண்ணப்போனவர்கள் கைதானார்கள். சபாஷ், நீதி வென்றது! பிறகு செயின்ட் பாலின் கணக்கையும் திறந்து பார்த்தார்கள். அங்கே ரயில்வே ஸ்டேஷனில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் நிரந்தரமாகக் குடியிருந்தார்கள்.

இனி சிகாகோ. 1830-களின் தொடக்கத்தில் சில நூறு பேர் மட்டும் இருந்த சேற்றுக்காடு அது. நிலம் ஏரி மட்டத்தோடு ஒட்டிக் கிடந்ததால் சாக்கடை ஓட மறுத்தது. எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற எஞ்சினீயர் யோசித்தார். பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்க முடியாதா? பரவாயில்லை, குழாயைத் தெருவின் மேலேயே பதித்து, அதற்கு மேலே மண் கொட்டித் தெருவை உயர்த்திவிடுவோம்! தெரு உயர்ந்தது. கட்டடங்கள் பள்ளத்தில் மாட்டிக்கொண்டன. இப்போது என்ன செய்வது? கட்டடங்களையும் தூக்கு!

தூக்கினார்கள் சார்! 1860-இல் லேக் தெருவில் ஒரு பிளாக்கின் ஒரு பக்கம் முழுவதையும், கல்லும் செங்கல்லுமாக நின்ற கடைகளை, 6,000 ஜாக்கிகளைக் கீழே வைத்து, 600 ஆட்கள் திருகத் திருக, ஐந்தே நாளில் நாலரை அடிக்கு மேல் உயர்த்தினார்கள். உள்ளே வியாபாரம் நிற்கவில்லை. அடுத்த வருஷம் ட்ரிமான்ட் ஹவுஸ் என்ற பெரிய ஹோட்டல் மேலே போனது. அறையில் தங்கியிருந்தவர்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. வாசற்படி தினமும் செங்குத்தாகிக்கொண்டே போகிறதே என்று ஒரு விருந்தாளி குழம்பினாராம். தனக்குத்தான் வயசாகிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

இப்படித் தூக்கிவைத்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதி 1871 அக்டோபரில் எரிந்து போனது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். யார்மேல் பழி போடலாம்? திருமதி ஓ'லியரி என்ற ஏழை ஐரிஷ் பெண்மணியின் பசுமாடு லாந்தரை உதைத்துவிட்டதாக ஒரு கதை கிளம்பியது. மாட்டுக்கு வக்கீல் யாரும் இல்லை. 1997-இல் சிகாகோ நகர மன்றம் கூடி, மாட்டையும் மாட்டுக்காரியையும் நிரபராதிகள் என்று தீர்மானம் போட்டது. தீர்ப்பு வர 126 வருஷம். நம் ஊர் கோர்ட்டுகள் கொஞ்சம் தெம்பாகலாம்.

எரிந்த ஊர் என்றால் மூலையில் உட்கார்ந்து அழும் என்றுதானே நினைப்போம்? 1893 உலகக் கண்காட்சியை நியூயார்க், வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் மூன்றையும் தோற்கடித்துத் தட்டிக்கொண்டு வந்துவிட்டது. வந்தவுடன் கவலை பிடித்தது. பாரிஸில் ஈஃபில் கோபுரம் இருக்கிறதே, நம்மிடம் என்ன இருக்கிறது? ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற எஞ்சினீயர், 264 அடி உயரத்தில் ஒரு ராட்டினம் செய்தார். மொத்தம் 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். திருவிழாவுக்குத் திருவிழா நாம் ஏறி அலறுகிறோமே ஜயன்ட் வீல், அது சிகாகோ பாரிஸைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில் பிறந்தது.

அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மாநாட்டுக்குத்தான் விவேகானந்தர் போனார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக ஏறி வசூல் செய்து அனுப்பிவைத்த பயணம். சுவாமி ஜூலை கடைசியில் போய் இறங்கினால், மாநாடு செப்டம்பரில்! ஹோட்டல் பில் பர்ஸைக் கரைக்க, செலவு குறைவு என்று பாஸ்டன் பக்கம் போனார். திரும்பி வந்தபோது விலாசம் தொலைந்து, ரயில்வே யார்டில் ஒரு காலிப் பெட்டியில் இரவைக் கழித்தார். செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய கட்டடம்தான் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட். எதிரே போகும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு இப்போது அவர் பெயரும் உண்டு. தங்க இடம் கொடுக்காத ஊர், தெருவைக் கொடுத்திருக்கிறது.

சிகாகோவின் சாக்கடைத் தொல்லை அப்போதும் தீர்ந்தபாடில்லை. சாக்கடை ஆற்றில் கலந்து, ஆறு ஏரியில் கலந்து, ஏரித் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது. இந்தத் தடவை என்ன தீர்வு தெரியுமா? ஆற்றையே திருப்பி ஓடவிடு! 28 மைலுக்குக் கால்வாய் வெட்டினார்கள். இனிமேல் சிகாகோவின் கழிவெல்லாம் ஏரிக்குப் போகாது. மிஸிஸிப்பிக்குப் போகும். மிஸிஸிப்பிக் கரையில் யார் இருக்கிறார்கள்? நம்ம செயின்ட் லூயிஸ்!

அவர்கள் பதறிப்போய் கோர்ட்டுக்கு ஓட, தடையுத்தரவு வருவதற்கு முன்னால் 1900 ஜனவரி 2 காலையில், உறைபனியில், மேளதாளம் இல்லாமல் அவசர அவசரமாகக் கரையை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டது சிகாகோ. முகூர்த்தத்துக்கு முன்னால் தாலி கட்டிவிட்டு ஓடுவார்களே, அந்தக் கதைதான்.

செயின்ட் லூயிஸ் சும்மா இருக்குமா? 1904-இல் அதைவிடப் பெரிய உலகக் கண்காட்சி நடத்தியது. அதே வருஷத்து ஒலிம்பிக்ஸ் சிகாகோவுக்கென்று முடிவாகியிருந்தது. எங்களுக்குத் தராவிட்டால் போட்டியாக நாங்களே விளையாட்டு நடத்துவோம் என்று மிரட்டி அதையும் பிடுங்கிக்கொண்டது. பிடுங்கியதை நடத்திய லட்சணம் இருக்கிறதே!

மாரத்தானில் முதலில் ஸ்டேடியத்துக்குள் ஓடி வந்தவர் ஃப்ரெட் லோர்ஸ். ஒரே கைதட்டல். அப்புறம்தான் தெரிந்தது, நடுவில் 11 மைலை அவர் காரில் கடந்திருக்கிறார். கார் ரிப்பேர் ஆனதால்தான் மிச்சத்தை ஓடினாராம்! மெடல் தாமஸ் ஹிக்ஸுக்குப் போனது. அவருக்கு வழியில் ஊற்றிய எனர்ஜி டிரிங்க்: பிராந்தி, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் ஸ்ட்ரிக்னின். எலியைக் கொல்ல வைப்பார்களே, அதே விஷம். கியூபாவிலிருந்து வந்த கார்வஹால், பசி தாங்காமல் தோட்டத்தில் ஆப்பிள் பறித்துத் தின்று, வயிறு வலித்து, ஓரமாகப் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஓடினார். நான்காவதாக வந்தார்!

சிகாகோவின் பெருமையான அந்த ராட்டினமும் கடைசியில் பழைய விலைக்குக் கைமாறி செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கே வந்து சுற்றியது. 1906-இல் அதற்கு டைனமைட் வைத்தார்கள். அதே 1906-இல்தான் சாக்கடை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. உங்கள் ஊர்க் காய்ச்சலுக்கு சிகாகோதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை, உங்கள் மாநிலத்து ஊர்களும் அதே ஆற்றில்தானே கழிவைக் கொட்டுகின்றன என்று கேட்டுவிட்டார்கள். ராட்டினத்தை உடைத்தாகிவிட்டது, சாக்கடையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மற்ற ஊர்களும் லேசுப்பட்டவை இல்லை. மில்வாக்கியில் ஆற்றின் மேற்குக் கரையை வாங்கிய பைரன் கில்பர்ன், கிழக்குக் கரை சோலமன் ஜூனோவின் தெருக்களோடு தன் தெருக்கள் நேர்க்கோட்டில் வந்துவிடவே கூடாது என்று பார்த்துப் பார்த்து மனை பிரித்தார். நேராக வந்தால் பாலம் கேட்பார்களே! 1845-இல் இரண்டு கரைக்காரர்களும் பாலங்களை உடைத்து அடித்துக்கொண்டார்கள். மறு வருஷமே ஒரே ஊராகச் சேர்ந்தார்கள். பாலங்கள் மட்டும் இன்றும் கோணலாகத்தான் ஆற்றைக் கடக்கின்றன.

டெட்ராய்ட்டை 1701-இல் நிறுவியவர் அன்ட்வான் லோமே. என்னது, கேள்விப்பட்டதில்லையா? பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்தவர், இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்டு, பக்கத்து ஊர் ஜமீன்தாரின் குலச்சின்னத்தைப் பார்த்துத் தனக்கும் ஒன்று தயாரித்துக்கொண்டார். வைத்துக்கொண்ட பெயர் காடிலாக். இருநூறு வருஷம் கழித்து ஒரு கார் கம்பெனி அந்தப் பெயரையும் அந்தச் சின்னத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. பணக்காரன் என்று காட்டிக்கொள்ள உலகமே ஆசைப்பட்ட காரின் மூக்கில் இருந்தது ஒரு போலிச் சான்றிதழ்!

கிளீவ்லாண்டை நிறுவிய மோசஸ் கிளீவ்லாண்ட் 1796-இல் வந்தார், அளந்தார், அதே வருஷம் வீட்டுக்குப் போனார். அப்புறம் சாகும்வரை எட்டிப்பார்க்கவில்லை. அந்த ஊர் ஆற்றில் எண்ணெய்க் கழிவு மிதந்து அவ்வப்போது தீப்பிடிக்கும். 1969-இல் பிடித்த தீ அரை மணி நேரத்தில் அணைந்துவிட்டது, போட்டோகூட யாரும் எடுக்கவில்லை. டைம் பத்திரிகை 1952 தீயின் போட்டோவைப் போட, ஊர் மானம் நாடெங்கும் கப்பலேறியது. 1972-இல் மேயர் ரால்ஃப் பெர்க், ஒரு விழாவில் கத்தரிக்குப் பதில் கேஸ் டார்ச்சால் ரிப்பன் வெட்டப்போய் தன் தலைமுடியையே பற்றவைத்துக்கொண்டார். ஆறு மட்டும் எரிந்தால் போதுமா?

இவ்வளவு கூத்துக்குப் பிறகு என்ன மிஞ்சியது? அங்கேதான் வேடிக்கை. செயின்ட் லூயிஸ் 1876-இல், சுற்றியிருக்கும் பட்டிக்காட்டுக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கவுன்டியை விவாகரத்து செய்தது. இன்று அந்தப் 'பட்டிக்காட்டில்' சுமார் 10 லட்சம் பேர். நகரத்தில் 2020 கணக்குப்படி 3,01,578. அதாவது 1870-இல் அடித்துவிட்ட எண்ணைவிடக் கம்மி! ஆனால் கண்காட்சி நடந்த ஃபாரஸ்ட் பார்க் அப்படியே இருக்கிறது, நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரிதாக. 1904-இல் நிறுத்திய பிரம்மாண்டமான பறவைக் கூண்டை நகராட்சி 3,500 டாலருக்கு வாங்கிப்போட, அதைச் சுற்றி ஒரு மிருகக்காட்சிசாலை முளைத்தது. இன்றும் டிக்கெட் கிடையாது. அன்றைய கலை மாளிகைதான் இன்றைய மியூசியம். அதற்கும் டிக்கெட் கிடையாது.

சிகாகோவில், மெயில்-ஆர்டர் வியாபாரி மான்ட்கோமரி வார்டுக்குத் தன் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே ஏரிக்கரையில் குப்பையும் கொட்டகையுமாகக் கிடந்தது பொறுக்கவில்லை. 1890-இலிருந்து இருபது வருஷம் கேஸ் மேல் கேஸ் போட்டார். ஊரே திட்டியது. கிராண்ட் பார்க்கின் திறந்தவெளி பிழைத்தது அவரால்தான். திட்டியவர்களின் பேரன்கள் அங்கே ஜாகிங் போகிறார்கள்.

1952-இல் நியூயார்க் எழுத்தாளர் லீப்ளிங், சிகாகோவை இரண்டாந்தர நகரம் என்று கிண்டல் செய்து ஒரு புத்தகமே எழுதினார். 1959-இல் தொடங்கிய ஒரு நகைச்சுவை நாடகக் குழு, 'செகண்ட் சிட்டி' என்ற அந்த வசவையே போர்டில் எழுதி மாட்டிக்கொண்டது. பில் முர்ரேயும் டினா ஃபேயும் அங்கே தயாரானவர்கள்தான். கிளீவ்லாண்டில் 'எரியும் நதி' என்ற பெயரிலேயே பீர் விற்கிறார்கள். பீலா விட்டு அலுத்துப்போன ஊருக்குத்தான் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியும் போலிருக்கிறது.

ஆகவே, அமெரிக்காவில் வேலை கிடைத்து எந்த ஊரில் குடியேறலாம் என்று யோசிப்பவர்களே, வாடகையைப் பாருங்கள், பள்ளிக்கூடத்தைப் பாருங்கள், ஜனவரிக் குளிரை இரண்டு தடவை பாருங்கள். கூடவே, நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் யாரைப் பார்த்து வயிறு எரிந்தது என்றும் விசாரியுங்கள். நன்றாக எரிந்த ஊரில்தான் பார்க் பெரிதாக இருக்கும், மியூசியம் இலவசமாக இருக்கும். எரிச்சலின் செலவைத்தான் தாத்தாக்கள் எப்போதோ கட்டி முடித்துவிட்டார்களே!