அக்காள் மகளும் வம்சாவளியும்: ஓர் ஆராய்ச்சி

வம்சாவளி எழுதும் சாஸ்திரத்தில் மேல்நாட்டுப் பண்டிதர் எவரும் சரிவரப் பிரஸ்தாபிக்காத ஒரு பெருஞ்சங்கடத்தை, நாட்றம்பள்ளி வட்டாரத்துக் குடும்பங்களைப் பிரமாணமாகக் கொண்டு ஈண்டு நிறுவப் புகுகின்றோம். அவர்கள் குடும்பத்தை மரமாக வரைவர். கிளை பிரிந்தால் பிரிந்ததுதான். இங்கோ, அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது வெகுகால வழக்கமாதலின், பிரிந்த கிளை வளைந்து வந்து அடிமரத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அக்காள் மாமியாராகிறாள், மணமகளுக்கோ அம்மாவைப் பெற்ற ஆயாவே மாமியார். இத்தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தாயைப் பெற்றவள் ஆயாவா, தகப்பனுடன் பிறந்த அத்தையா என்பதும், தாயின் தம்பி மாமனா, அத்தை மகனாகையால் மச்சானா என்பதும் தர்க்கத்தால் தீராதவை. அநுபவத்தில் ஆயாவே வெல்கிறாள். தின்பண்டம் அவள் மடியில் இருப்பதே காரணம் என்பது எம் துணிபு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் மாமன்-மருமகள் விவாகத்தைத் தடுக்கப்பட்ட உறவுகளில் சேர்த்துவிட்டு, வழக்கமிருப்பின் ஆட்சேபமில்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

இவ்விஷயத்தில் நம் உறவுமுறைக்கு உலகக் கீர்த்தியும் உண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் நியூயார்க் மாகாணத்து வக்கீல், செனகா என்னும் பழங்குடியினரின் உறவுமுறைகளைக் குறித்துக்கொண்டு பிற நாட்டு முறைகளைத் தேடியலைந்தபோது, ஆர்க்காட்டு மிஷனின் ஸ்கடர் பாதிரியார் வாயிலாகத் தமிழர் முறைகளை அறிந்தார். தகப்பனின் தம்பியும் ஓர் அப்பா, தாயின் தங்கையும் ஓர் அம்மா, அத்தையும் மாமனும் மட்டும் வேறு வகை என்னும் நம் கணக்கு செனகாக்காரர் கணக்கோடு பொருந்தக் கண்டு பிரமித்த அவர், 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட பெருநூலில், அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவர்களே என்பதற்கு இதையே சான்றாக நிறுத்தினார். அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. நம்மூர்க் கிழவி ஒருத்தி, "யாரு வூட்டுப் புள்ள நீ?" என்று தொடங்கி நான்கு கேள்வி கேட்டிருந்தால், செனகாக்காரர் நமக்குப் பங்காளியா, பெண் கொடுக்கலாமா என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பாள்.

வம்சாவளிக்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளை நம்பலாமோவெனின், நம் திருப்பத்தூர்த் தாலுகா 1911 வரை சேலத்தோடிருந்து, பின்பு வட ஆர்க்காட்டில் சேர்ந்து, 1989இல் அது பிளந்தபோது வேலூர்ப் பக்கம் நின்று, 2019இல் தானே ஜில்லாவாயிற்று. திண்ணையை விட்டு இறங்காத ஒரு குடும்பம் பத்திரங்களில் நான்கு ஜில்லாக்களுக்குக் குடிபெயர்ந்ததாகத் தோன்றும். நம்பத்தக்கது மொய் நோட்டு ஒன்றே. ஒரே பெயருடையார் ஐவர் வந்தாலும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர், வாணியம்பாடிச் சின்ன மாமன் என்று அடையாளமிட்டு, எவர் எவ்வளவு உறவு என்பதை ரூபாயில் நிர்ணயித்திருப்பார்கள். பணம் திரும்பிப் போகவேண்டியிருப்பதால் அதில் பிழை நேர்வது அரிது.

ஆதலின் வாசகர்களுக்கு எம் விண்ணப்பம்: பரணிலுள்ள மொய் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், வம்சாவளியைப் பென்சிலிலேயே எழுதுங்கள், வீட்டில் மணமாகாத தாய்மாமன் ஒருவர் இருந்தால், தை மாதம் கழியும்வரை எழுதவே தொடங்காதீர்கள்.