ஒரே வெப்பமானியால் நீலகிரியை அளப்பது எப்படி?

மரம் நடும் திட்டத்துக்கு அறிக்கை எழுதப் போகிறீர்களா? பாதி வேலையைத் தப்பாகச் செய்ய உங்களுக்கே தெரியும். மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. வெப்பமானியை ஊட்டி விடுதிச் சுவரில் மாட்டுங்கள். சமையலறைச் சுவர் உத்தமம். அந்த எண்ணை மலை முழுக்கத் தடவுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு (2,637 மீட்டர்) இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அது பஸ் டிரைவரின் கவலை.

2. மழைக்குச் சராசரி போடுங்கள். கூடலூரைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். மசினகுடி மழைமறைவில் காயும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்த மழை எந்த ஊரிலும் பெய்யாது. ஆகவே எந்த ஊர்க்காரரும் சண்டைக்கு வர முடியாது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதானே முக்கியம் என்று கேட்பவரிடம், படிவத்தில் இடமில்லை என்று சொல்லுங்கள்.

3. ஜனவரியில் போனால் பத்து மணிக்கு முன் எழாதீர்கள். குளிர்காற்று கனமானது, தெளிந்த இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுப் புல் பச்சையாக இருக்க, பள்ளத்துப் புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வெயில் அதைத் துடைத்துவிடும்.

4. சோலைக்குள் நுழையாதீர்கள். அட்டை கடிக்கும். அதைவிட ஆபத்து, புல்வெளியில் சுட்ட வெயில் மரங்களுக்கடியில் அடங்கிப்போவதும், காலடியில் இலைமக்கு ஈரமாக இருப்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் இன்னொரு பக்கம் எழுத வேண்டும்.

5. மண்ணை ஜீப் நிற்கும் இடத்தில் அள்ளுங்கள். முகட்டில் மண் மெலிந்து பாறை தட்டும். மலைமடிப்பில் மண்வெட்டி ஆழமாக இறங்கும். ரோட்டோரத்திலோ ஜல்லியும் சேர்ந்தே கிடைக்கும்.

6. எங்கும் ஒரே கன்றை நடுங்கள். முக்கியமாக, நிழலில் வளரும் சோலைக் கன்றைத் திறந்த புல்வெளிப் பள்ளத்தில் நடுங்கள். புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்துச் சீகையும் தைலமரமும் நட்டார்களே, அந்த மரபு உங்களோடு அறுந்துவிடக் கூடாது.

7. கன்று செத்ததும் எருமை மேய்ந்தது என்று எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: எருமை தின்ற இலை செடியில் இருக்காது, உறைபனியில் கருகிய இலை அப்படியே தொங்கும். போட்டோ எடுக்குமுன் உதிர்த்துவிடுங்கள்.

8. அடுத்த வருஷமும் அதே குழியில் நடுங்கள். தோண்டும் கூலி மிச்சம்.