ஒன்பதரையா, முப்பத்து நாலரையா?

நேற்று விடிகாலைதான் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினேன். பெட்டியைப் பிரிக்கவில்லை, கால் வீக்கம் வடியவில்லை. அதற்குள் ஏழு பேர் கேட்டாயிற்று: “எத்தனை மணி நேரம்?” பேரன் பேச ஆரம்பித்தானா என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. இருபத்திரண்டு என்றால் விடுகிறார்களா? “எங்க மாப்பிள்ளை இருபதுலயே வந்துட்டாரே!” என்னவோ மாப்பிள்ளை நடுவானில் இறங்கித் தள்ளிவிட்ட மாதிரி. நானும் லேசுப்பட்டவனில்லை. “துபாய்ல காத்துக் கிடந்ததைக் கழிச்சா, சேர்த்தா?” என்று மடக்கினேன்.

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் உண்மையில் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் பெரியப்பா.

டிக்கெட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, விரல் கணுக்களில் எண்ணினார். “போறப்ப காலைல நாலுக்குக் கிளம்பி, அன்னிக்கே மத்தியானம் ஒன்றரைக்கு இறங்கியிருக்கே. ஒன்பதரை. வர்றப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு, செவ்வாய்க்கிழமை விடிகாலை ரெண்டரை. முப்பத்து நாலரை. போறது இறக்கம், வர்றது ஏத்தமாடா?”

“ரெண்டுமே இருபத்திரண்டுதான், பெரியப்பா. அவங்க நேரம் நம்மளுதைவிடப் பன்னிரண்டரை மணி பின்னாடி.”

“அதென்ன அரை?”

இந்த அரைதான் என் உயிரை வாங்குகிறது. அமெரிக்காவில் இருந்த மூன்று மாதமும் வீட்டுக்கு போன் போடுமுன் அந்த அரையைக் கூட்டுவதா, கழிப்பதா என்று முழித்தேன். ஒருமுறை கழித்துவிட்டு மனைவியை நடுராத்திரியில் எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பிடித்து 1906-ல் ஐந்தரை என்று வைத்த புண்ணியம் இது. அதற்கு முன் நம்மூர் ரயில்கள் பார்த்து ஓடியது மெட்ராஸ் நேரத்தை. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்துக் கணக்கு அது: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். அது நீடித்திருந்தால் பெரியப்பா விநாடி வரைக்கும் கழித்திருப்பார். போதாததற்கு, நவம்பரில் அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவான், பன்னிரண்டரை பதின்மூன்றரையாகும். இதை மட்டும் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

சரி, தூரத்தைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். பூமி உருண்டையில் நூல் பிடித்தால் சுமார் 14,000 கிலோமீட்டர். சீனா, அலாஸ்கா பக்கமாக வடகிழக்கே போகும். நான் பறந்ததோ முதலில் மேற்கே துபாய்க்கு, அங்கிருந்து கிட்டத்தட்ட 13,000.

“பூந்தமல்லி போறதுக்குத் தாம்பரம் போய்ச் சுத்துவியா?” என்றார் பெரியப்பா.

உள்ளேயிருந்து மனைவி என் மாத்திரை டப்பாவோடு வந்தாள். “திங்கட்கிழமை மாத்திரை அப்படியே இருக்கு. ஏன் போடலை?”

பெரியப்பா மறுபடியும் டிக்கெட்டைக் கை நீட்டிப் பிடித்தார்.