ரிவர்ஸில் ஓடும் மோட்டார்: கிணற்றடித் திசையறிவியல் குறித்து ஓர் ஆய்வு

கொங்கு நாட்டில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் திசை குறித்த ஐயத்துக்கே இடமில்லை. மாடு சரிவான வாரியில் இறங்கினால் தண்ணீர்ச் சால் மேலே வரும். பின்னுக்கு நடந்து ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். மாட்டின் முகம் எந்தப் பக்கம் என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டதாகச் சான்றில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்துகாட்டினார்கள். அதன்பின் முகமில்லாத மாடு ஒன்று கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. அது எந்தப் பக்கம் சுற்றுகிறது, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்னும் விவாதம் மோட்டார் ரூம் வாசல்களில் இன்னும் முடிந்தபாடில்லை. இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்றுதான்: இரு பக்கமும் ஓட்டிப் பார்க்காதவர் நேர்த்திசையை அறிந்தவர் ஆகார்.

முதலில் மோட்டாரின் இயல்பு. த்ரீ பேஸ் மோட்டாருக்குத் திசைப்பற்று கிடையாது. மூன்று பேஸும் எந்த வரிசையில் வருகின்றனவோ அந்த வரிசையில் காந்தப்புலம் சுழலும். ரோட்டார் அதன் பின்னாலேயே போகும். எந்த இரண்டு வயரை இடம் மாற்றினாலும் ஓட்டம் திரும்பும். மூன்றையும் ஒவ்வோர் இடம் தள்ளிக் கட்டினால் ஒன்றும் மாறாது. மூன்று வயரைக் கட்ட ஆறு வழிகள் உண்டு. அவற்றில் மூன்று நேர், மூன்று தலைகீழ். எனவே கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் பாதிக்குப் பாதி சரியாக அமையும். வயர்மேன்களின் நற்பெயரில் இந்தக் கணக்குக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். இதே விதி டிரான்ஸ்பார்மரில் செயல்பட்டால் விளைவு பெரிது. பழுது பார்த்த பின் அங்கே இரண்டு பேஸ் மாறிவிட்டால், அதன் கீழுள்ள த்ரீ பேஸ் மோட்டார்கள் எல்லாம், பங்காளிச் சண்டை பாராமல், ஒரே நேரத்தில் திரும்பிவிடும்.

தலைகீழாக ஓடினால் தண்ணீரே வராதே, அப்போது தெரிந்துவிடாதா என்பது முதல் மறுப்பு. இங்கேதான் சிக்கல். மோனோபிளாக் பம்பின் இம்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளிப்புறம் நோக்கித்தான் வீசும். வெளியேற உள்ள வழியோ ஒன்றுதான். ஆகவே தலைகீழாகச் சுற்றும் பம்ப் தண்ணீரை உறிஞ்சித் திருப்பி அனுப்பாது, குறைவாகக் கொடுக்கும். அறவே வராதிருந்தால் பழுது என்று தெரியும். குறைந்து வந்தாலோ கிணற்றில் ஊற்று இல்லை, புட்வால்வு அடைத்திருக்கிறது, கரண்டு பத்தவில்லை என்று காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும். 1990 முதல் தமிழகத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் பில்லும் காட்டிக்கொடுக்காது.

பம்பின் மேல் அம்புக்குறியே வார்த்திருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. அம்பு சொல்வது சுற்ற வேண்டிய திசையை. சுற்றும் திசையைக் கண்தான் சொல்ல வேண்டும். இரண்டு போல் மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று ஓடும்போது கண்ணுக்குத் தெரிவது வெறும் மங்கல். அதனால்தான் விவரமறிந்தவர்கள் ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி உடனே நிறுத்தி, விசிறி அடங்கும் நேரத்தில் பார்க்கிறார்கள். அப்போதும் விசிறிப் பக்கம் நிற்பவருக்கு வலச்சுற்று என்றால் பம்ப் பக்கம் நிற்பவருக்கு அது இடச்சுற்று. இருவர் சொல்வதும் உண்மை. ஆகையால் சண்டைக்கு முடிவில்லை.

பேஸ் வரிசை காட்டும் மீட்டர் போதாதா என்பார் சிலர். அது லைனில் வரும் வரிசையைச் சொல்லும். காயில் கட்டியவர் முனைகளை எந்த ஒழுங்கில் வெளியே எடுத்தார் என்பதைச் சொல்லாது. இன்னொரு சாரார் போர்வெல்லுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை எடுத்துக்காட்டித் திசையே தேவையற்றது என வாதிடுவர். பிஸ்டன் எப்படிச் சுற்றினாலும் மேலும் கீழும் போய்வரும், போர்வெல்லிலிருந்து தண்ணீரும் வரும் என்பது மெய்தான். ஆனால் அதன் வீலின் ஆரங்களே விசிறி இலைகள். அவை ஹெட்டின் மேல் வீச வேண்டிய காற்றைத் தலைகீழ் ஓட்டம் திருப்பிவிட, ஹெட் சூடேறும். வேலை நடப்பதால் திசை சரி என்று முடிவு கட்டுவோருக்கு இதுவே பதில்.

இறுதிச் சான்று நீர்மூழ்கி மோட்டார். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இருக்கும் அதற்கு அம்பு இருந்தாலும் தெரியாது, விசிறியுமில்லை; எட்டிப் பார்க்கவும் வழியில்லை. அங்கே நடைமுறையில் உள்ள முறை, ஓட்டிப் பார்த்து, மெயினை அணைத்து இரண்டு வயரை மாற்றி, மறுபடி ஓட்டி, எதில் தண்ணீர் அதிகமோ அதை நேர் என்று வைத்துக்கொள்வது. கண்ணுக்கு மறைந்த மோட்டாருக்குச் செய்கிற இந்தச் சோதனையைக் கண்ணெதிரே ஓடும் மோட்டாருக்கும் செய்து, ஒரு டிரம் நிறைய இரு திசையிலும் ஆகும் நேரத்தை மோட்டார் ரூம் சுவரில் பெயின்டால் எழுதி வைக்கலாம். அந்த இரண்டு எண்கள் இல்லாத இடத்தில் ‘எங்க மோட்டார் நேராத்தான் ஓடுதுங்க’ என்பதைக் கருதுகோள் என்ற அளவில் மட்டுமே ஏற்க முடியும்.